படகுக் கழிப்பறைக்கு 50 லிட்டர் நன்னீர்ப் பை: இரண்டு சீசன் பயன்படுத்திய பிறகு

சியாட்டிலில் எங்களிடம் 30 அடிப் பாய்மரப்படகு ஒன்று இருக்கிறது. 1980களில் கட்டியது, கைப்பம்ப் வைத்த ஜாப்ஸ்கோ கழிப்பறை. வாங்கிய முதல் வருடம் லேக் யூனியனில் நிறுத்தியிருந்தோம். அது நன்னீர் ஏரி, ஒரு நாள்கூட நாற்றம் என்று மூக்கைப் பொத்தியதில்லை. அப்புறம் ஏரியையும் கடலையும் இணைக்கும் மதகான பேலர்ட் லாக்ஸைத் தாண்டி உப்புநீர்ப் பக்கம் ஷில்ஷோல் பே மெரினாவுக்கு மாறினோம். அதே படகு, அதே கழிப்பறை, அதே மூன்று பேர். ஒரு மாதத்துக்குள் கேபின் கதவைத் திறந்தாலே அழுகிய முட்டை வாடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆசையாக வந்து இறங்குவோம், என் மனைவி மூக்கை மூடிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிடுவார், மகள் "அப்பா, நான் வரல, வீட்டுக்கே போயிடலாம்" என்பாள்.

வழக்கமாக எல்லோரும் செய்வதையெல்லாம் நானும் செய்தேன். கழிவு போகும் 38 மில்லிமீட்டர் ஹோஸ் முழுவதையும் புதிதாக மாற்றினேன், அது ஒரு சனி ஞாயிறு முழுக்க முழங்காலில் நின்று செய்யும் வேலை. கழிவு திரும்பி வராமல் தடுக்கும் ஜோக்கர் வால்வை மாற்றினேன். கழிவுத் தொட்டியில் ஊற்றும் மருந்து மூன்று வகை வாங்கினேன். எல்லாம் சேர்த்து 400 டாலருக்கு மேல் போனது, நாற்றம் மட்டும் போகவில்லை. பக்கத்து மேடையில் படகு வைத்திருக்கும் ஒரு பெரியவர், நாற்பது வருடமாகப் பாய்மரப்படகு ஓட்டுபவர், ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கழிவு ஹோஸை விடு, தண்ணீர் உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பார்" என்றார். கழற்றினேன். உள்ளே இருந்த தண்ணீர் கறுத்திருந்தது. அவ்வளவு நாள் தேடியது அங்கேதான் இருந்தது.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இன்னும் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். கடல்நீரால் ஃப்ளஷ் செய்யும் படகில் இப்படி முட்டை நாற்றம் வந்தால், பெரும்பாலும் அது கழுவுவதற்கு எடுக்கும் கடல்நீரின் நாற்றம். கடலில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடலான ப்யூஜெட் சவுண்டில் ஆறுகள் வந்து கலப்பதால் கொஞ்சம் குறையும், ஆனாலும் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. அந்தத் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் குழாய்க்குள் வந்துவிடும். நாம் ஞாயிற்றுக்கிழமை படகைப் பூட்டிவிட்டுப் போன பிறகு அவை செத்து அழுகும், குழாய்க்குள் இருக்கும் ஆக்சிஜன் தீரும், அப்புறம் ஆக்சிஜனே தேவைப்படாத பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அதுதான் முட்டை வாடை. 19 மில்லிமீட்டர் ஹோஸ் மூன்று மீட்டர் நீளம் என்றால் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். ஐந்து நாள் ஊறிய அந்த முக்கால் லிட்டர்தான் வெள்ளிக்கிழமை முதல் பம்பில் கழிப்பறைக் கோப்பைக்குள் வந்து விழுகிறது. லேக் யூனியனில் ஏன் நாற்றம் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஏரித் தண்ணீரில் சல்பேட் சொற்பம்.

சரி, நன்னீரால் ஃப்ளஷ் செய்யலாம் என்று முடிவானது. எப்படி என்பதில்தான் யோசனை. படகில் ஏற்கெனவே குடிநீர்த் தொட்டி இருக்கிறது, பிரஷர் பம்ப் இருக்கிறது, அதிலிருந்து T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு இழுத்துவிட்டால் என்ன என்று முதலில் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த வகைக் கைப்பம்ப் கழிப்பறையில் ஒரே பிஸ்டனின் கீழ்ப்பக்கம் கழிவைத் தள்ளுகிறது, மேல்பக்கம் கழுவும் தண்ணீரை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ரப்பர் வளையம் மட்டும். அது தேய்ந்தால் கழிவு மேலே கசியும், அங்கிருந்து குடிக்கும் தண்ணீருக்குப் போக ஒரு குழாய்தான் தூரம். குடிநீரோடு இணைக்காதே என்று இவற்றின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. குழந்தை பல் விளக்கும் தண்ணீர் அது, அதில் விளையாடக்கூடாது. மின்சார நன்னீர்க் கழிப்பறைகள் குடிநீரில் இணைப்பதற்கென்றே தடுப்பு வால்வோடு வருகின்றன. நல்ல பொருள்தான், ஆனால் விலை பல மடங்கு, பேட்டரியிலும் கை வைக்கும். உரமாக்கும் உலர் கழிப்பறையை எங்கள் சிறிய அறையில் வைத்தால் கால் நீட்ட இடமில்லை.

இன்னொரு வழி, வாஷ்பேசின் வெளியேறும் குழாயில் கழிப்பறை ஹோஸை இணைத்துவிட்டு, வால்வை மூடி, பேசினில் தண்ணீர் நிரப்பி, அதைப் பம்ப் இழுக்கும்படி செய்வது. செலவே இல்லாத அருமையான யோசனை, படகைப் பூட்டிக் கிளம்பும் முன் ஹோஸை நன்னீரால் கழுவி வைக்க மட்டும் வேண்டும் என்றால் இதுவே போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பேசின் நிரப்பு, மூடு, திற என்றால் விருந்தினருக்குச் சொல்லி மாளாது. ஆகவே கழிப்பறைக்கு மட்டும் தனியாக ஒரு தொட்டி, அதுவும் மடங்கும் பை.

நான் வாங்கியது 50 லிட்டர், முக்கோண வடிவம், படகின் மூக்குப் பகுதிக்கென்றே வெட்டியது. இந்த மாதிரிப் பைகளை வீட்டஸ், பிளாஸ்டிமோ, நாட்டா என்று சில நிறுவனங்கள் வெவ்வேறு அளவுகளில் செய்கின்றன. எனக்கு வந்த பை எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் எனக்கு வந்த ஒரு குறை விற்ற கடையுடையதா தயாரித்தவர்களுடையதா என்று கடைசி வரை தெளிவாகவில்லை, சும்மா ஒருவர் மேல் பழி போட விருப்பமில்லை. வெளியே கெட்டியான பூச்சுத் துணி, உள்ளே தண்ணீர்ப் பை, நிரப்ப ஒரு பெரிய வாய், எடுக்க ஒரு சிறிய வாய், மூலைகளில் கட்டிவைக்க வளையங்கள். 130 டாலர். ஹோஸ், கிளாம்ப், ஒரு மூடும் வால்வு எல்லாம் சேர்த்து 200ஐத் தொடவில்லை.

ஏன் பை, ஏன் கெட்டித் தொட்டி இல்லை என்று கேட்டால், எங்கள் முன்பக்கப் படுக்கைக்குக் கீழே இருக்கும் அறையின் திறப்பு ஒன்றரை அடிதான். கெட்டித் தொட்டி உள்ளேயே நுழையாது. பையைச் சுருட்டி உள்ளே விட்டு விரித்தேன், படகின் வளைவுக்கு ஏற்றபடி தானே உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் குறையக் குறையப் பை சுருங்குவதால் காற்றுக் குழாய் தனியாகத் தேவையில்லை. முதல் தடவை நிரப்பும்போது மட்டும் உள்ளே சிக்கும் காற்றைக் கையால் அழுத்தி வெளியே தள்ள வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் பாதி பை காற்றும் பாதி தண்ணீருமாக இருக்கும், பம்ப் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். நான் அரை மணி நேரம் பம்ப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கழற்றி மாட்டினேன்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன, இதில் அவசரம் கூடாது. பை உட்காரும் இடத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பழைய படகில் எங்கேயாவது ஒரு ஸ்க்ரூவின் முனை, காய்ந்து முள்ளாக நிற்கும் ஃபைபர் கண்ணாடி கட்டாயம் இருக்கும். எல்லாவற்றையும் தேய்த்து மழுக்கிவிட்டு ரப்பர் விரிப்பு போட்டேன். அப்படியும் பக்கவாட்டில் ஒன்றை விட்டுவிட்டேன் போல, முதல் சீசன் முடிவில் பையை வெளியே எடுத்தபோது ஓர் இடத்தில் துணி உராய்ந்து வெளுத்திருந்தது. அங்கே இன்னொரு விரிப்பை ஒட்டினேன், அதன் பிறகு பிரச்சினை இல்லை. மூலை வளையங்களைக் கட்டாயம் கட்டுங்கள். 50 லிட்டர் என்றால் 50 கிலோ, படகு சாயும்போது அது ஒரு பக்கமாகச் சரிந்தால் ஹோஸ் இணைப்பைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

அடுத்தது உயரம். பை கோப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மேலே இருந்தால் நீங்கள் பம்ப் செய்யாமலே தண்ணீர் இறங்கிக் கோப்பையை நிரப்பி வழிந்துவிடும். படகு சாயும்போது தாழ்வாக இருந்த பையும் உயரே போகலாம், அதனால் பம்புக்கும் கோப்பைக்கும் நடுவில் காற்று வால்வு வைத்த வளைவுக் குழாய் ஒன்றை மேலே தூக்கி மாட்டியிருக்கிறேன். கீழே இருக்கும் தண்ணீரைப் பம்ப் தூக்குமா என்று பயப்பட வேண்டாம், கடலிலிருந்து தூக்கிய அதே பம்ப் பையிலிருந்தும் தூக்குகிறது.

கடல்நீர் ஹோஸை விட்டுவைத்து, மூன்று வழி வால்வு போட்டு, வேண்டும்போது கடல், வேண்டும்போது பை என்று மாற்றிக்கொள்ளலாமே என்று பெரியவர் கேட்டார். நான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் பை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. யாராவது வால்வைத் தப்பாகத் திருப்பினால் கடல் பைக்குள் வரும், பை நிறைந்ததும் எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொண்டு படகுக்குள் வரும். படகின் அடியில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு திறந்த துளை குறைந்தாலே எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. கடல்நீர் வால்வை மூடி, அதன் வாயிலும் மூடி போட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் குறை. பையோடு வந்த வெளியேறும் இணைப்பின் மரை ஐரோப்பிய அளவு, நான் இங்கே ஹார்டுவேர் கடையில் வாங்கிய வால்வின் மரை அமெரிக்க அளவு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு சுற்றுப் பிடிக்கும், அப்புறம் இறுகும், இறுகிவிட்டது என்று நம்பிவிடுவோம். மறுநாள் காலையில் படுக்கைக்குக் கீழே இரண்டு லிட்டர் தண்ணீர். கூடவே பெட்டியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையமும் இல்லை. விற்ற கடைக்கு எழுதினேன், தயாரிப்பாளரைக் கேளுங்கள் என்றார்கள். தயாரிப்பாளருக்கு எழுதினேன், கடையைக் கேளுங்கள் என்றார்கள். மூன்று வாரம் கழித்து 4 டாலர் வளையத்தையும் பொருத்தமான மரை உள்ள இணைப்பையும் நானே தேடி வாங்கிவிட்டேன். வெறும் நன்னீர் என்பதால் துடைத்துவிட்டுப் போக முடிந்தது. மரை அளவை விளக்கத்தில் போடாமல் விற்பது சரியில்லை, இந்தப் பொருளை நான் ஐந்துக்கு ஐந்து என்று சொல்லாததற்கு இதுதான் பெரிய காரணம்.

சின்னக் குறை இன்னொன்று. பை ஏறக்குறைய காலியாகும்போது அதன் மேல்துணி இழுபட்டு வந்து வெளியேறும் வாயை அடைத்துக்கொள்ளும். கடைசி ஏழெட்டு லிட்டர் வரவே வராது. வாய்க்குள் ஒரு சாண் நீளத்துக்கு, பக்கங்களில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாயைச் செருகினேன், இப்போது ஒன்றிரண்டு லிட்டர்தான் மிஞ்சுகிறது. இதைத் தயாரிப்பவர்களே வைத்துக் கொடுத்திருக்கலாம்.

பலன் என்ன என்று கேட்டால், பொருத்திய இரண்டாம் வாரமே நாற்றம் நின்றது. குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றது. இரண்டு சீசன் ஆகிறது, வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தால் மரமும் பழைய மெத்தையும் டீசலும் சேர்ந்த படகு வாசனை மட்டும்தான். இந்த வசந்தத்தில் என் மனைவி எனக்கு முன்னால் உள்ளே போய் விளக்கைப் போட்டார், அதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு வேண்டாம். இன்னொரு பலனும் தெரிகிறது. சிறுநீரும் கடல்நீரிலுள்ள கால்சியம், மக்னீசியமும் சேர்ந்து ஹோஸுக்குள் சுண்ணாம்பு மாதிரிக் கல்லாகப் படியும், முன்பு அதற்காகவே வினிகர் ஊற்றி இரவு முழுக்க ஊற வைப்பேன். சியாட்டில் குழாய்த் தண்ணீர் சீடர், டோல்ட் ஆறுகளிலிருந்து, மலையில் பெய்த மழையும் பனியுமாக வருவது, உப்பு மிகக் குறைந்த மென்னீர். இந்த வருடம் ஜோக்கர் வால்வைக் கழற்றிப் பார்த்தேன், புதிது போல வளைந்துகொடுத்தது.

தண்ணீர் எவ்வளவு ஆகும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. 38 மில்லிமீட்டர் ஹோஸ் மீட்டருக்கு 1.1 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். எங்கள் கோப்பையிலிருந்து கழிவுத் தொட்டி வரை இரண்டரை மீட்டர், ஆகவே பெரிய வேலைக்கு மூன்று லிட்டர் விட்டால்தான் எல்லாம் தொட்டிக்குப் போய்ச் சேரும், இல்லாவிட்டால் ஹோஸிலேயே தங்கி அது வேறு நாற்றமாகும். சின்ன வேலைக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர் போதும். மூன்று பேர், இரண்டு இரவு, ஏறத்தாழ 32 லிட்டர் ஆகிறது. கடல்நீர் இருந்தபோது இலவசம்தானே என்று ஆளுக்கு இருபது தடவை பம்ப் அடிப்போம், கழிவுத் தொட்டி சனிக்கிழமையே நிறைந்துவிடும். தண்ணீருக்கு அளவு வந்ததும் கை தானாக நிதானமானது.

இதில் நான் எதிர்பார்க்காத பெரிய வசதி ஒன்று கிடைத்தது. ப்யூஜெட் சவுண்ட் முழுவதிலும், லேக் யூனியன், லேக் வாஷிங்டன் உட்பட, 2018 முதல் படகுக் கழிவைத் தண்ணீரில் விடத் தடை, சுத்திகரித்தது என்றாலும் விடக்கூடாது. எல்லாம் தொட்டியில் சேர்த்துக் கரையில் பம்ப்-அவுட் செய்ய வேண்டும், அதாவது நிலையத்தில் உறிஞ்சி எடுக்க வேண்டும். என் கழிவுத் தொட்டி ஏறக்குறைய 68 லிட்டர், அதன் அளவு காட்டும் மீட்டர் எப்போதோ செத்துவிட்டது. இப்போது அது தேவையே இல்லை. 50 லிட்டர் பை காலியானால் அந்த 50 லிட்டரும் அதோடு சேர்ந்ததும் கழிவுத் தொட்டியில்தான் இருக்கிறது, கரைக்குப் போக வேண்டிய நேரம். ஒரே தடவை கரைக்குப் போய் ஒன்றை உறிஞ்சிவிட்டு மற்றொன்றை நிரப்பிக்கொள்கிறோம். பை வாங்குகிறவர்கள் கழிவுத் தொட்டியைவிடச் சிறிய பையாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்று முக்கியம், பம்ப்-அவுட் நிலையத்தில் தொட்டியை அலச வைத்திருக்கும் ஹோஸிலிருந்து எதையும் நிரப்பாதீர்கள், கொஞ்சம் தள்ளி இருக்கும் குடிநீர்க் குழாய்க்குப் போங்கள்.

இரவில் நங்கூரம் போட்டுப் படுத்திருக்கும்போது, தூரத்தில் ஃபெர்ரி போய் அதன் அலை வந்தால், பாதி காலியான பை படுக்கைக்குக் கீழே களக் களக் என்கிறது. மகளுக்கு அது பிடித்திருக்கிறது, என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. மூக்கில் 50 கிலோ ஏறுவதால் படகு முன்பக்கம் லேசாகத் தாழ்கிறது, பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே நின்றால் உள்ளே வழவழப்பு வருகிறது, அதனால் பயணம் இல்லாத மாதத்தில் காலி செய்துவிடுகிறேன். டிசம்பரில் பையைக் கழற்றி, கவிழ்த்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய வைத்தேன். கெட்டித் தொட்டியில் இது நடக்காது, உறைபனிக்குப் பயந்து இளஞ்சிவப்பு உறைதடுப்பு மருந்து ஊற்றும் வேலை பம்புக்கு மட்டும் மிச்சம்.

ஒன்றை இழந்தோம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆகஸ்ட் மாத நிலவில்லா இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கடல்நீரால் ஃப்ளஷ் செய்தால் கோப்பைக்குள் நீலப் பொறிகள் சுழலும். கடலில் ஒளிரும் நுண்ணுயிர்கள்தான் அவை. மகள் அதற்காகவே நடுராத்திரி எழுந்து போவாள். இப்போது அவளுக்கு ஒரு வாளியும் கயிறும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், படகின் பின்பக்கம் உட்கார்ந்து வாளியில் அள்ளிக் கலக்கிப் பார்க்கிறாள்.

வாரக்கடைசியில் போய் வருகிறவர்கள், மூன்று நாளைக்கு ஒரு தடவை கரை தொடுகிறவர்கள், படகில் நாற்றம் வீசுகிறது என்று வீட்டில் யாராவது வர மறுக்கும் நிலையில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வாரக்கணக்கில் கரை தொடாமல் போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன், குடிநீரையே எண்ணிக் குடிக்கும் இடத்தில் 50 லிட்டரைக் கழிப்பறைக்கு ஒதுக்குவது கஷ்டம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மரை அளவை அச்சிட்டு, ஒரு ரப்பர் வளையமும் ஒரு துளைக் குழாயும் பெட்டியில் வைத்திருந்தால் ஐந்தே கொடுத்திருப்பேன்.

வரும் ஆகஸ்டில் சான் வான் தீவுகளுக்கு ஒன்பது நாள் போகிறோம். கோடையில் அந்தத் தீவுகளில் தண்ணீர் தட்டுப்பாடு, அதனால் போகும் வழியில் போர்ட் டவுன்செண்டிலேயே பையை வாய் வரை நிரப்பிவிடுவதாகத் திட்டம், கூடவே 10 லிட்டர் கேன் இரண்டு. உதிரி ரப்பர் வளையம் இரண்டை இப்போதே கருவிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.